வெள்ளைக்காரரின் கொடுமை இல்லாத கறுப்பின நாவலா?

பிப்ரவரி 9, மாலை (வாசகர் ஒருவரின் கேள்வி)

ஸோரா நீல் ஹர்ஸ்டனின் 'தேர் ஐஸ் வேர் வாட்சிங் காட்' படித்து முடித்தேன். ஏமாற்றம்தான். 1937இல் வந்த நாவல். அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்து முக்கால் நூற்றாண்டுகூட ஆகாத காலம், எழுதியவர் கறுப்பினப் பெண். ஆனால் சாட்டை இல்லை, மரத்தில் தூக்கிலிடும் கும்பல் இல்லை, கொடுமைக்கார வெள்ளை முதலாளி இல்லை. ஜேனி என்ற பெண் மூன்று முறை மணம் செய்துகொள்கிறாள், ஊர் திண்ணையில் உட்கார்ந்து வம்பு பேசுகிறது. நம் குடும்ப நாவல்களுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? ஆப்பிரிக்க வம்சாவளி இலக்கியத்தில் இதற்கு ஏன் இவ்வளவு பெரிய இடம்?

பிப்ரவரி 9, இரவு

நீங்கள் கேட்ட கேள்வியை 1937 அக்டோபரிலேயே கறுப்பின எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட் கேட்டுவிட்டார். 'நியூ மாஸஸ்' என்ற இடதுசாரி இதழில் எழுதிய மதிப்புரையில், இந்த நாவலில் கருவும் இல்லை, செய்தியும் இல்லை, சிந்தனையும் இல்லை என்றார். கறுப்பர்களைச் சிரிப்புக்கும் அழுகைக்கும் நடுவே ஆடவிட்டு வெள்ளை வாசகர்களை மகிழ்விக்கிறார் ஹர்ஸ்டன் என்பது அவருடைய குற்றச்சாட்டு. ரைட் மிசிசிப்பியில் பிறந்தவர், பசியையும் வன்முறையையும் உடம்பில் அனுபவித்தவர், அப்போது கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர். அவர் அப்படிக் கேட்டதற்கு ஒரு நியாயம் உண்டு. அதே கேள்வியை நாம் இங்கே உட்கார்ந்து கேட்கும்போது அதன் நிறம் மாறிவிடுகிறது. ரைட் தன் மக்களுக்கு எது பயன்படும் என்று கவலைப்பட்டார். நாம் பெரும்பாலும், எதிர்பார்த்த துன்பம் கிடைக்கவில்லையே என்று கேட்கிறோம். எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. விரிவாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 10

கல்லூரியில் இந்த நாவல் எங்களுக்குப் பாடமாக இருந்தது. தேர்வுக்கு நாங்கள் படித்த குறிப்பேட்டில் 'இனவெறி', 'ஆணாதிக்கம்' என்று இரண்டு தலைப்புகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே ஐந்து வரி. ஈட்டன்வில் என்ற ஊரைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. நாவலின் பாதி அந்த ஊரில்தான் நடக்கிறது.

ஈட்டன்வில் ஃபுளோரிடாவில் உண்மையிலேயே இருக்கும் ஊர். 1887இல் கறுப்பர்களே கூடிச் சட்டப்படி நிறுவிய ஊராட்சி. மேயரும் காவலரும் கடைக்காரரும் கறுப்பர்கள். ஹர்ஸ்டன் 1891இல் அலபாமாவில் பிறந்து சிறு வயதிலேயே அங்கு வந்துவிட்டார். அவருடைய தந்தை அந்த ஊரின் மேயராகவும் இருந்தவர். தெருவில் நடக்கும்போது வெள்ளைக்காரருக்கு ஒதுங்கி வழிவிட வேண்டிய தேவையில்லாத ஊரில் வளர்ந்த பெண் அவர். தெற்கு மாநிலங்களில் வளர்ந்த கறுப்பர்களில் மிகச் சிலருக்கே வாய்த்த குழந்தைப் பருவம் அது.

அதனால் அந்தத் திண்ணைப் பேச்சை வம்பு என்று ஒதுக்கிவிட முடியாது. முதல் அத்தியாயத்தை மறுபடி பாருங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் பகல் முழுவதும் பிறருக்காக உழைத்தவர்கள். அவர்களுடைய தோலில் கோவேறு கழுதைகள் குடியிருந்தன என்பதுபோல் எழுதுகிறார் ஹர்ஸ்டன். பொழுது சாய்ந்ததும் மேற்பார்வையாளன் போய்விட்டான்; இப்போது பேச்சுக்கு அவர்களே அதிபதிகள். வெள்ளைக்காரன் அந்தப் பக்கத்தில் இருக்கிறான், 'போய்விட்டான்' என்ற அளவில். அவன் இல்லாத நேரத்தில் மனிதர்கள் எப்படி இருப்பார்கள் என்பதை எழுதுவதுதான் ஹர்ஸ்டன் எடுத்துக்கொண்ட வேலை.

பிப்ரவரி 10, சற்றுப் பிறகு

கழுதைச் சாவு நடக்கும் ஆறாம் அத்தியாயத்தை யாராவது வாய்விட்டுப் படித்துப் பார்த்தீர்களா? ஜேனியின் இரண்டாவது கணவனான மேயர் ஜோ ஸ்டார்க்ஸ் செத்த கழுதையின் வயிற்றின் மேல் ஏறி நின்று இரங்கல் உரை ஆற்றுகிறார். ஊர் கூடிச் சிரிக்கிறது. மனைவி ஜேனி மட்டும் அங்கே வரக் கூடாது, மேயர் வீட்டுப் பெண்ணுக்கு அது கௌரவமில்லை. எங்கள் வாசிப்புக் கூட்டத்தில் அந்தப் பக்கங்களை ஒரு நண்பர் உரக்கப் படித்தபோது எல்லோரும் சிரித்தோம், பிறகு ஜேனி கடைக்குள் தனியே நிற்பது உறைத்தது. சிரிப்பும் விலக்கலும் ஒரே காட்சியில் இருக்கின்றன. ரைட்டுக்குச் சிரிப்பு மட்டும்தான் கேட்டது.

பிப்ரவரி 12

இப்போது பாட்டிக்கு வருகிறேன். 'நம் குடும்ப நாவல்போல் இருக்கிறது' என்று நீங்கள் சொன்னதற்குப் பாட்டிதான் காரணம் என்று நினைக்கிறேன். பதினாறு வயதுப் பேத்தி ஒரு பையனை வாசற்கதவருகே முத்தமிட்டதைப் பார்த்துவிட்டு, அறுபது ஏக்கர் நிலம் வைத்திருக்கும் வயதான லோகன் கில்லிக்ஸுக்கு அவளைக் கட்டிவைக்கிறாள். தமிழ் வாசகருக்கு இதில் ஒன்றும் புதிதில்லை. பேத்தியைக் கரையேற்றிவிட்டுக் கண்ணை மூட வேண்டும் என்று நினைக்கும் பாட்டியை நமக்குத் தெரியும். அதனாலேயே அந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகிறோம்.

அந்தப் பாட்டி, நானி, என்ன சொல்கிறாள் என்று நிதானமாகக் கேட்போம். அவள் அடிமையாகப் பிறந்தவள். எஜமானன் போருக்குப் போகும் முன் அவளுடைய குடிசைக்கு வந்து போகிறான். அவனால் அவளுக்கு ஏற்கெனவே ஒரு வாரக் குழந்தை இருக்கிறது. அவன் போனதும் எஜமானி வருகிறாள். குழந்தையின் சாம்பல் நிறக் கண்ணையும் மஞ்சள் முடியையும் பார்த்துவிட்டு நானியை அறைகிறாள். மறுநாள் சாட்டையடி, ஒரு மாதம் ஆனதும் குழந்தையை விற்றுவிடுவேன் என்கிறாள். நானி அன்றிரவே பச்சைக் குழந்தையோடு சதுப்பு நிலத்துக்குள் ஓடுகிறாள்.

குழந்தையின் தகப்பன் எஜமானன்தானே, பிறகு எப்படி விற்பார்கள் என்று எங்கள் கூட்டத்தில் ஓர் இளைஞர் கேட்டார். மிக நல்ல கேள்வி. 1662இல் வர்ஜீனியாவில் ஒரு சட்டம் வந்தது: குழந்தையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது. தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை, தகப்பன் யாராக இருந்தாலும். மற்றக் காலனிகளிலும் இதே முறை பரவியது. எஜமானன் ஓர் அடிமைப் பெண்ணை வன்முறைக்கு ஆளாக்கினால் அவனுடைய சொத்து பெருகியது. இதை அறிந்த பிறகு அந்த அறுபது ஏக்கர் வேறு மாதிரித் தெரிகிறது. நானியின் மகள் லீஃபியையும் பதினேழு வயதில் பள்ளி ஆசிரியர் ஒருவன் கெடுத்துவிட்டான். இரண்டு தலைமுறை உடம்பின் மேல் நடந்ததைப் பார்த்தவள், மூன்றாவது தலைமுறைக்கு நிலத்தால் வேலி போடுகிறாள்.

சாட்டை இல்லை என்று எழுதியிருந்தீர்களே. அது இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது. பாட்டி பேசுவதால் நாம் அதைக் குடும்பக் கதையாகக் கேட்டுவிட்டோம்.

பாட்டி சொல்வது சரி என்று நாவல் சொல்லவில்லை. ஜேனி பிற்பாடு அவளை வெறுக்கிறாள், அன்பின் பெயரால் தன் உலகத்தைச் சுருக்கிவிட்டாள் என்று. அந்த வெறுப்பையும் ஹர்ஸ்டன் மறைக்கவில்லை. இரண்டு பேருடைய நியாயத்தையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு படிக்க வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 13

புயலைப் பற்றி எழுதாமல் இந்த இழையை நகர்த்த மனமில்லை.

1928 செப்டம்பர் 16 இரவு ஃபுளோரிடாவின் ஓக்கிச்சோபி ஏரி புயலில் கரை உடைந்தது. குறைந்தது 2,500 பேர் இறந்தார்கள் என்பது இன்றைய அதிகாரப்பூர்வ மதிப்பு. அவர்களில் பெரும்பான்மையோர் அவரைக்காய் பறிக்கவும் கரும்பு வெட்டவும் வந்த கறுப்பினக் கூலித் தொழிலாளர்கள். கிடைத்த சவப்பெட்டிகள் வெள்ளையருக்கு. வெஸ்ட் பாம் பீச் நகரில் 674 கறுப்பர்களின் உடல்கள் ஒரே குழியில் போடப்பட்டன. அந்த இடம் பல பத்தாண்டுகள் ஓர் அடையாளக் கல்கூட இல்லாமல் கிடந்தது.

நாவலில் இது எத்தனை பக்கம்? மிகச் சில. ஜேனியும் அவளுடைய மூன்றாவது கணவன் டீ கேக்கும் அங்கே கூலி வேலைக்கு வந்தவர்கள். துப்பாக்கி ஏந்திய இரண்டு வெள்ளையர்கள் டீ கேக்கைத் தெருவில் மடக்கிப் பிணம் புதைக்கும் வேலைக்கு இழுத்துப் போகிறார்கள். குழிக்குள் தள்ளும் முன் ஒவ்வொரு பிணமும் வெள்ளையா கறுப்பா என்று பார்க்க வேண்டும் என்று உத்தரவு. நீரில் ஊறி உருத்தெரியாமல் போன உடல்களில் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? முடியைப் பார் என்கிறார்கள். இறந்தவர்கள் கடவுளின் தீர்ப்புக்கு எந்த வரிசையில் போக வேண்டும் என்பதில் இவர்களுக்கு எவ்வளவு அக்கறை என்று டீ கேக் பக்கத்தில் இருப்பவனிடம் சொல்கிறான். நிறப்பாகுபாட்டுச் சட்டம் கடவுளுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்கள்போல, என்கிறான்.

சாட்டையோடு வரும் முதலாளியைத் தேடிப் போனால் இந்தப் பக்கங்கள் புயல் வருணனையின் வாலாகத் தெரியும். இன ஒடுக்குமுறை என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு இதைவிடக் கடுமையான ஒரு காட்சியை நான் படித்ததில்லை. எழுத்தில் ஒரு கூச்சல் இல்லை.

இன்னொன்று. புயலுக்கு முன் செமினோல் பழங்குடியினர் கூட்டம் கூட்டமாகக் கிழக்கே நடந்து போகிறார்கள். அறிகுறிகளைப் பார்த்துவிட்டார்கள். கூலிகள் போகவில்லை. அவரைக்காய்க்கு நல்ல கூலி கிடைக்கிறது, பெரிய வீடுகளில் இருக்கும் வெள்ளையர்களே அஞ்சவில்லை, நமக்கென்ன என்று இருந்துவிடுகிறார்கள். அபாயத்தை யார் சொன்னால் நம்புவது என்ற முடிவிலேயே அதிகாரம் உட்கார்ந்திருக்கிறது.

பிப்ரவரி 13, இரவு

ஒரு தோழி தனியே எழுதிக் கேட்டார்: டீ கேக் ஜேனியை அடிக்கிறானே, அதை எப்படித் தாங்கிக்கொண்டு இதைப் பெண் விடுதலை நாவல் என்கிறீர்கள்? நான் அப்படிச் சொல்வதில்லை. அவன் அடிப்பது கோபத்தால்கூட இல்லை, அவள் தன் உடைமை என்று பிறருக்குக் காட்டுவதற்காக. நாவல் அதைச் சில வரிகளில் சொல்லிவிட்டு நகர்கிறது, ஊர் ஆண்கள் பொறாமையோடு பேசிக்கொள்கிறார்கள். ஜேனி என்ன நினைத்தாள் என்று ஒரு வரிகூட இல்லை. ஒவ்வொரு முறையும் அந்த மௌனம் என்னை நிறுத்துகிறது. கடைசியில், டீ கேக்கைச் சுட்டதற்காக அவளை விசாரிக்கும் நீதிமன்றத்திலும் அவள் சாட்சி சொல்வதை அவள் வாய்மொழியாக நாவல் தருவதில்லை. தன் குரலைக் கண்டடைந்த பெண்ணின் கதை என்று அட்டையில் அச்சிடுகிறார்கள். மிக முக்கியமான இரண்டு இடங்களில் அந்தக் குரல் நமக்குக் கேட்பதில்லை. ஹர்ஸ்டனை நேசிப்பதற்கு இதை மூடி மறைக்க வேண்டியதில்லை.

பிப்ரவரி 16

'சாதியோடு ஒப்பிட்டுப் படிக்கக் கூடாதா?' என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். தாராளமாக ஒப்பிடலாம். ஒப்பிட்டவர்கள் சாதாரண மனிதர்கள் இல்லை. ஜோதிராவ் ஃபுலே 1873இல் 'குலாம்கிரி' நூலை, அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946இல் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் தலித் பாந்தர்கள் தங்கள் பெயரை அமெரிக்காவின் பிளாக் பாந்தர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

அம்பேத்கரின் கடிதத்தில் என்னைக் கவர்வது அதன் நடைமுறைத் தன்மை. கறுப்பர்கள் ஐக்கிய நாடுகள் சபைக்கு ஒரு மனு கொடுத்ததை அறிந்தேன், அதன் பிரதிகள் எனக்கு வேண்டும் என்று கேட்கிறார். தீண்டப்படாதோர் நிலைக்கும் அமெரிக்கக் கறுப்பர் நிலைக்கும் பெரும் ஒற்றுமை உண்டு என்று சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே ஆவணத்தைத் தேடிப் போகிறார். நம்முடைய மதிப்புரைகளில் பல, ஒற்றுமையைச் சொன்னதும் முடிந்துவிடுகின்றன. 'இதுவும் நம் கதைதான்' என்ற வரி கடைசிப் பத்தியில் வந்து நிற்கும். அந்த வரிக்குப் பிறகு 1662 சட்டத்தைத் தேட யாருக்கும் தோன்றாது, நம் கதை நமக்குத்தான் தெரியுமே. என் மனக்குறை அதுதான்.

பிப்ரவரி 17

திருமதி டர்னரைப் பற்றி யாரும் பேசவில்லை, வியப்பாக இருக்கிறது. வெளிர் நிறக் கறுப்பினப் பெண். ஜேனியின் பால் கலந்த காப்பி நிறத்தையும் நீண்ட முடியையும் பார்த்து அவளை ஏறக்குறைய வழிபடுகிறாள். கறுத்தவனான டீ கேக்கை விட்டுவிட்டு என் தம்பியைக் கட்டிக்கொள், நாமெல்லாம் வேறு வகுப்பு என்கிறாள். மணமகள் தேவை விளம்பரங்களில் நிறத்தைப் படித்து வளர்ந்த நமக்கு இவள் அந்நியம் இல்லை. இங்கே நம் அனுபவம் உண்மையாகவே உதவுகிறது. ஹர்ஸ்டன் அவளைக் கேலிப் பாத்திரமாக மட்டும் விடவில்லை. கொடூரமான தெய்வங்களைத்தான் மனிதர்கள் அதிகம் வணங்குகிறார்கள் என்று அந்த இடத்தில் ஒரு நீண்ட சிந்தனைக்குள் போகிறார். அதைப் படித்தபோது எங்கள் வீட்டுப் பெண் பார்க்கும் படலங்கள் நினைவுக்கு வந்து புத்தகத்தை மூடிவைத்தேன்.

பிப்ரவரி 20

'ஆப்பிரிக்க வம்சாவளி' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். ஹர்ஸ்டனின் நாவலுக்குள்ளேயே அது பிரிகிறது. அவரைக்காய் வயல்களில் பஹாமாஸ் தீவுத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். அமெரிக்கக் கறுப்பர்கள் கேலி செய்வார்கள் என்று அஞ்சித் தங்கள் நடனத்தை ஒளித்து ஆடுகிறார்கள். ஜேனியும் டீ கேக்கும் நட்பானதும்தான் வெளிப்படையாக ஆடத் தொடங்குகிறார்கள். புயலுக்கு முன் எச்சரித்து வண்டியில் இடம் தருவதாகச் சொல்பவனும் ஒரு பஹாமாஸ் பையன்தான்.

ரைட் 1953இல் அன்றைய கோல்ட் கோஸ்ட்டுக்குப் போனார், இன்றைய கானா. மூதாதையர் மண். அடுத்த ஆண்டு வெளியிட்ட பயண நூலில், அவர்களும் கறுப்பர் நானும் கறுப்பன், ஆனாலும் அவர்களை அறிய அது எனக்கு உதவவில்லை என்ற திகைப்பைத் திறந்து எழுதியிருக்கிறார். ஹர்ஸ்டனுக்கும் இது நேர்ந்தது, அவர் அதை உணராமல் நேர்ந்தது. 1936இல் ஹெய்ட்டியில் இருந்தபோதுதான் இந்த நாவலை ஏழு வாரத்தில் எழுதினார். அதே பயணத்தின் பயனாக 1938இல் வந்த 'டெல் மை ஹார்ஸ்' நூலில், 1915 முதல் 1934 வரை அந்த நாட்டை அமெரிக்கப் படை ஆக்கிரமித்திருந்ததை நல்லதாகவே பேசுகிறார். ஈட்டன்வில் திண்ணையில் ஒவ்வொரு குரலையும் பிரித்துக் கேட்ட காது அங்கே அமெரிக்கக் காதாகிவிட்டது. பண்பாடு கடந்து படிப்பது கடினம் என்பதற்கு ஹர்ஸ்டனே நம் முன் நிற்கும் சான்று.

பிப்ரவரி 21

நேற்றையதன் தொடர்ச்சி. 1860இல் 'குளோட்டில்டா' என்ற கப்பல் சுமார் 110 பேரை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அலபாமாவின் மொபீலுக்குச் சட்டவிரோதமாகக் கொண்டுவந்தது. அவர்களில் ஒருவர் கொஸ்ஸோலா. ஹர்ஸ்டன் 1927லும் அதற்குப் பின்னும் அவரைச் சந்தித்துப் பேசி எழுதிய 'பராக்கூன்' 2018இல்தான் வெளிவந்தது. கொஸ்ஸோலாவின் பேச்சு நடையை மாற்றினால் வெளியிடுகிறோம் என்று ஒரு பதிப்பகம் சொன்னது, ஹர்ஸ்டன் மறுத்துவிட்டார்.

அதில் தாக்குவது வெள்ளையர் படை இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் டஹோமி நாட்டு அரசனின் வீரர்கள் விடியலில் ஊருக்குள் புகுந்து வெட்டுகிறார்கள், எஞ்சியவர்களைக் கடற்கரையில் விற்கிறார்கள். ஹர்ஸ்டனுக்கு அதுதான் தொண்டையில் சிக்கிக்கொண்டது. தன் சுயசரிதையிலும் அதை எழுதினார். எங்கள் கூட்டத்தில் இந்தப் பகுதி வந்தபோது ஒருவர், அப்படியானால் வெள்ளையரைக் குறைசொல்வானேன் என்றார். கப்பலின் சொந்தக்காரர் யார், வாங்கியவர் யார், விடுதலைக்குப் பின் நிலம் கேட்டபோது இலவசமாகத் தர மறுத்தவர் யார் என்று அதே நூலிலிருந்து எடுத்துப் படித்தேன். அந்த மக்கள் கூலியில் மிச்சம் பிடித்து நிலம் வாங்கி 'ஆஃப்ரிக்கா டவுன்' என்ற குடியிருப்பை எழுப்பினார்கள். ஊருக்குத் திரும்பப் பணம் சேரவே இல்லை.

ஹர்ஸ்டன் படம் எடுக்க வந்தபோது கொஸ்ஸோலா நல்ல உடை உடுத்திக்கொண்டு செருப்பை மட்டும் கழற்றிவிட்டார். ஆப்பிரிக்காவில் இருப்பதுபோல் தெரிய வேண்டும் என்றார். மனைவியும் பிள்ளைகளும் புதைக்கப்பட்ட இடத்தில் வைத்து எடுக்கச் சொன்னார்.

பிப்ரவரி 24

தமிழோடு தொடர்புள்ள எழுத்தாளர் யாராவது உண்டா என்று கேட்டவருக்கு: சாமுவேல் செல்வன். 1923இல் டிரினிடாடில் பிறந்தவர், தந்தை வழியில் சென்னை மாகாணத்திலிருந்து போன குடும்பம். 1956இல் வந்த 'தி லோன்லி லண்டனர்ஸ்' கரீபியத் தீவுகளிலிருந்து லண்டனுக்குப் பிழைக்க வந்த கறுப்பின இளைஞர்களின் நாவல். கறுப்பு பிரிட்டனின் ஆதார நூல்களில் ஒன்றாக வைக்கப்படுகிறது. அதை எழுதியவர் இந்திய வம்சாவளி. கதை சொல்பவரின் மொழியும் டிரினிடாட் பேச்சுதான். பொது ஆங்கிலத்தில் தொடங்கிப் பார்த்து, நகராமல், அந்தப் பேச்சுக்கு வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். கலஹாட் என்ற இளைஞன் தன் கையைப் பார்த்து, எல்லாம் உன்னால்தான் என்று நிறத்தோடு வாதாடும் இடத்தைத் தவறவிடாதீர்கள். பெயரைப் பார்த்து 'நம்மவர்' என்று தூக்கி வைத்துக்கொள்ளாமல் படித்தால் நல்லது. அவர் தன்னை டிரினிடாட்காரராகவே எழுதினார்.

பிப்ரவரி 26

முதல் கேள்வி கேட்ட நண்பர் நாவலை மறுபடி எடுத்திருப்பதாக எழுதியிருக்கிறார். மகிழ்ச்சி. ரைட் பக்கத்தை நான் குறைவாகச் சொல்லிவிட்டேன் என்றும் எழுதியிருக்கிறார். அதனால் அடுத்த மாதம் எங்கள் கூட்டத்தில் ரைட்டின் நாவல் 'நேட்டிவ் சன்'. அதற்கு முன் ஒரு தகவல்: ரைட்டின் முதல் கதைத் தொகுப்பு வந்தபோது ஹர்ஸ்டன் 1938 ஏப்ரலில் மதிப்புரை எழுதினார். இது வெறுப்பைப் பற்றிய புத்தகம், கறுப்பர் வாழ்வின் பரந்த பகுதிகள் இதில் இல்லவே இல்லை என்றார். இரண்டு மதிப்புரைகளையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். வெள்ளை வாசகரை முன்னால் வைத்துக்கொண்டு கறுப்பர் ஒருவர் எதை எழுதலாம் என்ற சண்டை அது. இருவருமே மற்றவரின் நூலுக்கு நியாயம் செய்யவில்லை என்பது என் கருத்து.

'நேட்டிவ் சன்' வாங்குபவர்கள் பதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். 1940இல் ஒரு புத்தகக் கழகம் கேட்டுக்கொண்டதால் சில பகுதிகளை ரைட் நீக்கினார், மாற்றினார். அவை 1991இல் லைப்ரரி ஆஃப் அமெரிக்கா பதிப்பில்தான் திரும்ப வந்தன. பழைய பிரதி கையில் உள்ளவர்கள் சொல்லுங்கள், விடுபட்ட பக்கங்களைக் கூட்டத்தில் சேர்ந்து படித்துவிடலாம்.